ஃபேர்ஃபீல்ட் லாடச் சுற்று: வலமா, இடமா?

கேள்வி, ஏப்ரல் 9, 2023

இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்டில் ஃபேர்ஃபீல்ட் ஹார்ஸ்ஷூ என்கிற லாட வடிவ மலைச் சுற்றுக்கு ஜூனில் நாலு பேர் போகலாம் என்று இருக்கிறோம். வலமாகச் சுற்றினால்தான் சுலபம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இடமாகப் போனால் என்ன ஆகும்? எட்டு உச்சியையும் ஒரே நாளில் முடிக்க முடியுமா? எங்களில் இருவருக்கு இதுதான் முதல் மலை.

ஏப்ரல் 9, 2023, இரவு

வலமாகவே போங்கள். நான் நாலு முறை போயிருக்கிறேன், நாலும் வலம்தான்.

ஆம்பிள்சைடிலிருந்து ரைடல் ஊர்வரை இரண்டு கிலோமீட்டர் சமதளம். கால் சூடேற அது போதும். அங்கே கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 1813 முதல் 1850இல் இறக்கும்வரை குடியிருந்த வீடு இருக்கிறது. அதை ஒட்டி மேலே போகும் சாலையைப் பிடித்தால் அது ஒரு கேட்டில் முடியும். கேட்டைத் தாண்டியதும் நாப் ஸ்கார் ஏற்றம். கல் பாவிய படிகள், நேரே வானத்துக்குப் போவது போல இருக்கும். அரை மணி நேரம் பேச்சு நின்றுவிடும். ஆனால் அன்றைய நாளின் கடினமான ஏற்றம் அதோடு தீர்ந்தது. பிறகு ஹெரன் பைக் (612 மீ.), கிரேட் ரிக் (766 மீ.), ஃபேர்ஃபீல்ட் (873 மீ.) என்று ஒரே மலைமுதுகின் மேல் வடக்கே நடக்கிறீர்கள். ஃபேர்ஃபீல்டில் லாடம் வளைகிறது. அங்கிருந்து ஹார்ட் க்ராக் (822), டவ் க்ராக் (792), ஹை பைக் (656), லோ பைக் (508) என்று தெற்கே இறங்கி, லோ ஸ்வீடன் பாலம் வழியாக மறுபடி ஆம்பிள்சைடு.

வலமாகப் போகச் சொல்வதற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு, அது மனசு சம்பந்தப்பட்டது. சின்ன வயதில் அம்மாவோடு திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் நடந்திருக்கிறேன். சுற்றுவது என்றால் கால் தானாக வலப்பக்கம்தான் திரும்புகிறது. கிரிவலத்தில் மலை நம் வலக்கைப் பக்கம் இருக்கும், நாம் கீழே நடப்போம். இங்கே நாம் மேலே நடக்கிறோம், வலக்கைப் பக்கம் ரைடல் பள்ளத்தாக்கு நாள் முழுக்கக் கூடவே வரும். நடுவில் மலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய பள்ளம். முதல் முறை பார்த்தபோது அந்தக் காட்சியை விட்டு நகர மனசே வரவில்லை.

ஏப்ரல் 10, 2023

நேரத்தைப் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. 1892இல் நேய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி வகுத்த கணக்கு இன்றும் பயன்படுகிறது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இந்தச் சுற்று 16, 17 கிலோமீட்டர் வரும். இடையில் இறங்கி இறங்கி ஏறுவதையும் சேர்த்தால் மொத்த ஏற்றம் 1,000 மீட்டரைத் தாண்டும். ஆக, ஐந்தேகால் மணி நேரம். இது நிற்காமல் நடப்பவர்களுக்கு. சாப்பிட, படம் எடுக்க, ஷூ கயிறு கட்ட, சும்மா நின்று பார்க்க எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஒரு முறையும் ஏழரை மணி நேரத்துக்குக் குறைந்ததில்லை. புதியவர்கள் இருவர் இருப்பதால் எட்டு, எட்டரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் இருட்டுவதற்கு இரவு பத்து மணி ஆகிவிடும், அந்தக் கவலை இல்லை. கடைசி பஸ்ஸை மட்டும் முதல் நாளே பார்த்து வையுங்கள்.

ஏப்ரல் 16, 2023

"எட்டு என்கிறீர்கள், நாப் ஸ்காரை எப்படி உச்சி என்று சொல்ல முடியும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. நாப் ஸ்கார் தனி மலை இல்லை. ஹெரன் பைக்கின் முதுகு தெற்கே ஓடிவந்து சட்டென்று செங்குத்தாக முடிகிறதே, அந்த மூக்குதான் அது. அங்கே நின்றால் முன்னே பள்ளம், பின்னே இன்னும் ஏற்றம். ஆனால் இந்த மலைகளுக்கு வழிகாட்டி நூல்கள் எழுதிய வெய்ன்ரைட் தொகுத்த 214 மலைகளின் பட்டியலில் இந்த எட்டும் இருக்கின்றன. அதனால் இங்கே எல்லோரும் எட்டு என்றே எண்ணுகிறார்கள்.

உச்சி என்று எதைச் சொல்வது என்பதை அளந்து தீர்க்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. நாலா பக்கமும் இறக்கம் இருந்தால் உச்சி என்று வைத்தால், வீட்டு வாசல் மணல் குவியலும் உச்சிதான். எவ்வளவு இறங்கி ஏறினால் அடுத்தது தனி மலை என்பதை யாராவது ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். எங்கள் போடிப் பக்கம் இதற்குச் சொற்களே தீர்ப்பு சொல்லிவிடும். மரமில்லாத சின்னப் பாறைக் குன்று கரடு. மேடு என்றால் ஏறிக் கடக்கும் இடம், போடிமெட்டு போல. ஆனைமுடி மாதிரி எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது முடி. இங்கேயும் அப்படித்தான். கிரேட் ரிக்கில் வரும் ரிக், வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் முதுகைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மேலே "மலைமுதுகு" என்று எழுதியபோது இதை நான் யோசிக்கவில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கடல் கடந்து வந்து இங்கே ஆடு மேய்த்தவனுக்கும் போடிக்காரனுக்கும் மலையைப் பார்த்ததும் முதுகுதான் ஞாபகம் வந்திருக்கிறது. இதை எழுதும்போதே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

நாப் ஸ்காரை உச்சியாக எண்ணுவேனா? ஏறிய மூச்சுக்காகவாவது எண்ணுவேன்.

மே 29, 2023

நேற்று மறுபடி போய் வந்தோம். இரண்டு விஷயம்.

முதலாவது தண்ணீர். இரண்டு வாரமாக மழை இல்லை, நல்ல வெயில். இந்தச் சுற்று முழுக்க முதுகின் மேல் போவதால் வழியில் ஓடை எதுவும் குறுக்கே வராது. கீழே ரைடல் ஓடை மின்னுவது தெரியும், ஆனால் அது 500 மீட்டர் கீழே. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் எடுத்துப் போனோம், ஹார்ட் க்ராக்கிலேயே தீர்ந்தது. இரண்டரை லிட்டராவது வேண்டும். நிழலுக்கு ஒரு மரம்கூடக் கிடையாது.

இரண்டாவது, ஒரு திருத்தம். நாலு முறையும் எட்டு உச்சி முடித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முடித்தது ஏழுதான். டவ் க்ராக் பக்கம் பாதை ஒரு பழைய கல்சுவரை ஒட்டியே போகிறது. நான் எப்போதும் சுவரின் மேற்குப் பக்கமாக, எதிரே தெரியும் விண்டர்மியர் ஏரியைப் பார்த்தபடி நடந்திருக்கிறேன். உண்மையான உச்சி சுவருக்குக் கிழக்கே, கொஞ்ச தூரத்தில் ஒரு சின்னப் பாறைத் திட்டின் மேல் இருக்கும் கற்குவியல். நேற்று கூட வந்த நண்பர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு "அண்ணே, அது அந்தப் பக்கம்" என்றார். சுவர் இடிந்து கிடந்த இடம் வழியாகப் போய்த் தொட்டோம். நாலு வருஷமாகப் பக்கத்திலேயே நடந்தும் தொடாமல் வந்திருக்கிறேன்.

ஜூன் 2, 2023

சாப்பாடு பற்றிக் கேட்டவருக்கு. புளியோதரை வேண்டாம். இது நான் மனசார விரும்பும் சாப்பாடு, இருந்தாலும் வேண்டாம். மேலே காற்றில் சாதம் விறைத்துப் பருக்கை பருக்கையாக ஆகிவிடும், நல்லெண்ணெய் டப்பாவின் சுவரில் படிந்துவிடும். இட்லியும் அப்படியே. சப்பாத்தியில் உருளைக்கிழங்குப் பொரியல் சுருட்டி எடுத்துப் போங்கள், கையுறையோடு சாப்பிடலாம். கடலைமிட்டாய் எத்தனை எடுத்துப் போனாலும் மிஞ்சாது. ஃப்ளாஸ்கில் சுக்குக் காபி. தயிர்சாதம் வீட்டுக்கு வந்த பிறகு.

ஜூன் 18, 2023

ஊரிலிருந்து அப்பா வந்திருக்கிறார். அவருக்கு 66 வயது. போடியில் ஏலக்காய்த் தோட்டத்துக் கணக்கு எழுதியவர், முப்பது வருஷம் மலை ஏறி இறங்கிய கால். நேற்று நாப் ஸ்கார்வரை மட்டும் கூட்டிப் போனேன். மான்செஸ்டரிலிருந்து ரயில், ஆக்ஸன்ஹோமில் மாறி விண்டர்மியர், அங்கிருந்து 555 பஸ்ஸில் ரைடல்.

கேட்டுக்குப் பக்கத்திலேயே அப்பா நின்றுவிட்டார், சுவரைப் பார்க்க. "சாந்தே இல்ல, எப்படிடா நிக்குது?" என்றார். நான் இத்தனை முறை அதை ஒட்டி நடந்தும் உற்றுப் பார்த்ததில்லை. அவர்தான் காட்டினார். உண்மையில் அது ஒரு சுவர் இல்லை, இரண்டு. இரண்டு பக்கமும் பெரிய கற்களை முகப்பு பார்த்து அடுக்கி, நடுவில் சில்லுக் கற்களை இட்டு நிரப்பியிருக்கிறார்கள். கீழே அகலம், மேலே போகப் போகக் குறுகி இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று சாய்கின்றன. இடையிடையே நீளமான ஒரு கல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை குறுக்கே போய் இரண்டையும் பிணைக்கிறது. சில இடத்தில் அதன் நுனி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அப்பா அந்த நுனியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. "மழைத் தண்ணி உள்ள தங்காது, வழிஞ்சுரும். சாந்து வச்சிருந்தா பனியில வெடிச்சிருக்கும்" என்றார். இந்த ஊருக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆனவர் சொன்னது.

மேலே போய் உட்கார்ந்தோம். கீழே ரைடல் ஏரி, தூரத்தில் விண்டர்மியர். நாப் ஸ்காரைப் பற்றி நான் படித்திருந்த ஒன்றை அவரிடம் சொன்னேன். நாங்கள் உட்கார்ந்திருந்த மலைக்கு உள்ளே ஒரு சுரங்கம் போகிறது. வடக்கே தேர்ல்மியர் ஏரியின் தண்ணீர் அதன் வழியாக 150 கிலோமீட்டருக்கு மேல் ஓடி மான்செஸ்டருக்குப் போகிறது. வழி முழுக்கப் பம்பு கிடையாது, வாட்டத்திலேயே ஓடுகிறது. மான்செஸ்டருக்கு அந்தத் தண்ணீர் வந்த வருஷம் 1894.

அப்பா கொஞ்ச நேரம் காலுக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம பெரியாறு எப்ப?" என்றார். 1895. மேற்கே ஓடிய பெரியாற்றை அணை கட்டி மறித்து, மலையைக் குடைந்து கம்பம் பள்ளத்தாக்கின் பக்கம் திருப்பினார்கள். ஒரே சமயத்தில் இரண்டு இடத்திலும் மலையைக் குடைந்துகொண்டிருந்திருக்கிறார்கள். நான் பிறந்த மாவட்டத்து வயலுக்கும் இப்போது வாழும் ஊர்க் குழாய்க்கும் தண்ணீர் வந்த வழி ஒன்றுதான். அப்பா பாட்டிலைத் திறந்து குடித்தார். அது காலையில் வீட்டுக் குழாயில் பிடித்தது. அதில் ஒரு பங்காவது இந்த மலைக்கு அடியில் போன தண்ணீர்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் எங்கேயோ போய்விட்டேன் என்று தெரியும். ஆனால் இதை எழுத வேறு இடம் எனக்கு இல்லை.

அக்டோபர் 16, 2023

முதல் குறிப்பை மாற்ற வேண்டும். சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

மதுரைக்காரத் தம்பி ஒருவரும் நானும் போனோம். காலையில் நாப் ஸ்காரில் வெயில். கிரேட் ரிக் போனபோது எதிரே ஃபேர்ஃபீல்டின் தலை மட்டும் வெள்ளையாக மூடியிருந்தது. இருபது நிமிஷத்தில் விலகும் என்று நினைத்தேன். ஏறினோம். மேலே போனதும் பதினைந்து, இருபது மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

ஃபேர்ஃபீல்டின் உச்சி கூரானது இல்லை. ஒரு பெரிய மைதானம் போலத் தட்டை. அதன் மேல் பல கற்குவியல்கள், காற்றுக்கு ஒதுங்க அரைவட்டமாக அடுக்கிய கல் தடுப்புகள். எல்லாம் ஒரே மாதிரி. ஒரு தடுப்புக்குள் உட்கார்ந்து சப்பாத்தி சாப்பிட்டோம். எழுந்து நின்றபோது எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்பதே தெரியவில்லை. ஐந்து முறை வந்த இடம். நன்றாகத் தேய்ந்த ஒரு பாதை தெரிந்தது, "இதுதான்" என்று சொல்லி நடந்தேன். அவர் என்னை நம்பிப் பின்னால் வந்தார்.

சில நிமிஷத்தில் தரை செங்குத்தாக இறங்கத் தொடங்கியது. புல் போய்ச் சரளை வந்தது, பிறகு இரண்டு பக்கமும் ஒன்றுமில்லாத ஒரு குறுகலான பாறை முதுகு. ஹார்ட் க்ராக் பக்கம் இப்படி ஓர் இடம் கிடையாது. நின்றேன். பையிலிருந்து திசைகாட்டியை அப்போதுதான் எடுத்தேன். நாங்கள் போகவேண்டியது கிழக்கும் தென்கிழக்குமாக. போய்க்கொண்டிருந்தது நேர் வடக்கு. அது கோஃபா பைக். இன்னும் போயிருந்தால் வேறொரு பள்ளத்தாக்கில், பஸ்ஸே வராத பக்கம் இறங்கியிருப்போம். கொஞ்சம் கிழக்கே விலகியிருந்தால் டீப்டேல் பக்கத்துப் பாறைச் செங்குத்துகள். பயம் வயிற்றில் உட்கார்ந்ததை இப்போதும் உணர முடிகிறது. தம்பி ஒன்றும் சொல்லவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி மேலே ஏறினோம். முதல் கற்குவியலுக்கு வந்து, வரைபடத்தில் திசையை எடுத்து, அவரைப் பார்வை எட்டும் தூரம்வரை முன்னே போகச் சொல்லி, "இடது, இடது, நில்லுங்க" என்று கத்தி, பிறகு நான் அவரிடம் போய், மறுபடி அவரை அனுப்பி, இப்படியே நகர்ந்தோம். தரை இறங்கிக் கணவாய் வந்தது. பிறகு ஹார்ட் க்ராக்கின் உருண்டைக் கற்கள். பிறகு பனிமூட்டத்துக்குள்ளிருந்து அந்தக் கல்சுவர். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் தம்பி சுவரிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

அக்டோபர் 17, 2023

இரவு தூக்கம் வரவில்லை, யோசித்தேன். ஏப்ரலில் நான் சொன்ன காரணங்கள் எல்லாம் ஏற்றத்தைப் பற்றியும் காட்சியைப் பற்றியும்தான். ஆனால் இந்தச் சுற்றில் முடிவு செய்ய வேண்டிய இடம் ஒன்றே ஒன்று. ஃபேர்ஃபீல்டின் தலையை விட்டு எப்படி வெளியேறுவது? ஏறி வரும்போது முதுகு தானாக உங்களை மேலே கொண்டு சேர்க்கும், தொலைய முடியாது. வெளியேறும்போதுதான் தட்டையான மைதானம் பல வாசல் காட்டும்.

வலமாக வந்தால் வெளியேறும் வாசல் கிழக்கே. இடப்பக்கம் செங்குத்து. தவறினால் கெட்டது. இடமாக வந்தால் வாசல் தெற்கே, கிரேட் ரிக்கை நோக்கி. அகலமான புல்வெளி, சாய்வும் மெதுவானது. கொஞ்சம் தவறினாலும் திருத்திக்கொள்ள இடமிருக்கிறது. அதோடு, இடமாகப் போனால் லோ பைக்கிலிருந்து டவ் க்ராக்வரை சுவர் கையைப் பிடித்துக் கூட்டிப் போகும். இதை நான் இன்னும் நடந்து பார்க்கவில்லை. நடந்துவிட்டுச் சொல்கிறேன்.

அக்டோபர் 19, 2023

"ஃபோன் இருக்கும்போது திசைகாட்டி எதற்கு?" என்று கேட்கிறார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்று நாங்கள் திரும்பி முதல் கற்குவியலுக்கு வந்ததும், நிற்கும் இடம் அதுதான் என்று உறுதி சொன்னது ஃபோன்தான். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் திரை முழுக்க ஈரம், விரல் பட்டால் வேறெங்கோ ஓடியது, குளிரில் பேட்டரி 60 விழுக்காட்டிலிருந்து 22க்கு விழுந்தது. நான் எங்கே இருக்கிறேன் என்பதை ஃபோன் சொன்னது. எந்தப் பக்கம் காலை வைக்க வேண்டும் என்பதை அந்த ஊசிதான் சொன்னது. இரண்டும் வேண்டும். இன்னொரு வசதி, இங்கே இந்த ஆண்டுகளில் காந்த வடக்கும் வரைபட வடக்கும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன. கூட்டல் கழித்தல் இல்லாமல் அப்படியே பயன்படுத்தலாம்.

ஒரு விசில் வையுங்கள். நிமிஷத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிஷம் நிறுத்தி, மறுபடி ஆறு. இது உதவி கேட்கும் குறி. பதிலுக்கு மூன்று வரும். அவசர எண் 999ஐ அழைத்தால் போலீஸைக் கேட்டு, பிறகு மலை மீட்புக் குழு என்று சொல்ல வேண்டும். வருபவர்கள் எல்லோரும் தன்னார்வலர்கள், சம்பளம் வாங்காதவர்கள். வேலையைப் போட்டுவிட்டு வருவார்கள்.

ஜனவரி 14, 2024

பனிக்காலத்தில் போகலாமா என்றால், எனக்கு அனுபவம் இல்லை, அதனால் சொல்ல மாட்டேன். நாலு மணிக்கே சூரியன் போய்விடுகிறது. பக்கத்து ஹெல்வெலின் மலைமேல் தினமும் ஒருவர் ஏறி, பனி எப்படி இருக்கிறது என்று குளிர்காலம் முழுக்க எழுதுகிறார்கள். அதைப் படித்துவிட்டு, பனிக்கோடரியும் ஷூவின் அடியில் மாட்டும் ஆணிப்பட்டையும் பயன்படுத்தத் தெரிந்தவர்களோடு போங்கள்.

மார்ச் 11, 2024

நான் தேவைக்கு மேல் பயமுறுத்துகிறேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். 873 மீட்டர் மலைக்கு இவ்வளவா என்றார். போன வாரமே பதில் எழுத உட்கார்ந்தேன், இன்று எழுதுகிறேன்.

2018இல் இதே நாள், போடிக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத் தீ. மலையேறப் போனவர்கள் சிக்கிக்கொண்டு இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நான் அப்போது இங்கே இருந்தேன். அப்பா ஃபோனில், வீட்டு மொட்டை மாடியிலிருந்து மலையில் நெருப்பு வரி தெரிகிறது என்றார். மறுநாள் அவர் குரல் வேறு மாதிரி இருந்தது. நான் பள்ளி விடுமுறையில் செருப்போடு ஏறி விளையாடிய சரிவு அது. அங்கே தீ, இங்கே மூட்டமும் காற்றும். இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. ஆனால் போகும் மலையில் வெளியேற வழி எங்கெங்கே இருக்கிறது என்று கேட்காமல் இனி நான் வீட்டை விட்டு இறங்குவதில்லை.

உயரமும் ஒரு கணக்கில்லை. நம் ஊரில் 870 மீட்டர் என்றால் சாலை போகும், டீக்கடை இருக்கும். இங்கே அது மரம் முளைக்காத இடம். ஆம்பிள்சைடைவிட ஐந்து டிகிரி குறைவு, அதற்கு மேல் காற்று. மே மாதத்தில் மேலே ஆலங்கட்டி அடித்து வாங்கியிருக்கிறேன்.

சரி, வெளியேறும் வழி. வலமாகப் போகிறவர்கள் கிரேட் ரிக்கில் நின்று எதிரே பாருங்கள். ஃபேர்ஃபீல்டின் தலை மூடியிருந்தால், அங்கிருந்தே தென்மேற்காக ஸ்டோன் ஆர்தர் குன்று வழியாக கிராஸ்மியர் ஊரில் இறங்கிவிடலாம். நல்ல பாதை, கீழே 555 வரும். அக்டோபரில் நான் செய்திருக்க வேண்டியது அதைத்தான்.

மே 6, 2024

சனிக்கிழமை இடமாகப் போய் வந்தோம். அதே தம்பியோடு. அவர் மறுபடி வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அவரே அழைத்தார்.

லோ பைக்குக்குக் கீழே சுவரை ஒட்டி ஒரு பாறைப் படி இருக்கிறது, ஓர் ஆள் உயரத்துக்கும் மேல். வலமாக வரும்போது களைத்த காலோடு, முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பி, கால் எங்கே படுகிறது என்று தெரியாமல் துழாவி இறங்கும் இடம் அது. ஈரமாக இருந்தால் சுற்றித்தான் போக வேண்டும். காலையில் தெம்பாக ஏறும்போது இரண்டு கைப்பிடி, ஒரு எட்டு, அவ்வளவுதான். இது எனக்குப் புதிய விஷயம்.

சுவர் வழி முழுக்க ஹெர்ட்விக் ஆடுகள், குட்டிகளோடு. குட்டி கன்னங்கரேல் என்று இருக்கிறது, தாய் சாம்பல் நிறம். வயசாக ஆக வெளுக்கும் இனம். ஒரு குட்டி சுவரின் அடியில் ஆடு நுழைய விட்ட சதுர ஓட்டைக்குள் படுத்துக்கொண்டு காற்றுக்கு ஒதுங்கியிருந்தது.

ஃபேர்ஃபீல்டில் அன்று மூட்டம் இல்லை. இருந்தாலும் நானும் தம்பியும் திசைகாட்டியை எடுத்து, கண்ணை மூடிச் சுற்றி நின்று, ஊசியை மட்டும் பார்த்து கிரேட் ரிக் பக்கம் நூறு அடி நடந்து பழகினோம். கோஃபா பைக் பக்கமும் போய் எட்டிப் பார்த்தோம். வெயிலில் அழகான இடம். அக்டோபரில் நின்ற கல்லைத் தம்பி அடையாளம் காட்டினார். அதிலிருந்து பத்து எட்டில் இறக்கம் இன்னும் செங்குத்தாகிறது.

இடமாகப் போவதில் குறையும் உண்டு. நாப் ஸ்கார் படிகள் கடைசியில் வருகின்றன. பதினைந்து கிலோமீட்டர் நடந்த முட்டிக்கு அந்தக் கல்படிகள் பெரிய தண்டனை. கைத்தடி இல்லாமல் போகாதீர்கள். மாலை வெயிலில் ஏரிகள் எதிரே விரிவதைப் பார்த்தபடி இறங்கியது கொஞ்சம் ஈடு கட்டியது.

ஆக, என் பதில் இப்போது இது. வானம் தெளிவு, நாள் முழுக்க அப்படியே இருக்கும் என்று மலை வானிலை அறிக்கை சொல்கிறது, முட்டி வலி உள்ளவர் கூட வருகிறார் என்றால் வலம். மேகம் இறங்கும் என்று ஒரு வரி இருந்தாலும் இடம். மேகம் 600 மீட்டருக்குக் கீழே என்றால் லோ பைக்வரை போய் வாருங்கள், அல்லது ரைடலிலிருந்து கிராஸ்மியருக்குப் அந்தக் காலத்தில் பிணங்களை அடக்கத்துக்குச் சுமந்து போன பழைய சவப்பெட்டிப் பாதையில் ஏரியைப் பார்த்தபடி நடந்துவிட்டு வாருங்கள். அதுவும் நல்ல நாள்தான்.

ஜூன் 7, 2024

முதல் கேள்வி கேட்டவர் நேற்று எழுதியிருக்கிறார். போன ஜூனில் போக முடியவில்லையாம், நாளை போகிறார்களாம், இடமாக. நாலு பேர் மூன்றாகிவிட்டார்கள், ஒருவர் வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது.

தண்ணீர் ஆளுக்கு இரண்டரை லிட்டர். திசைகாட்டியைப் பைக்குள் வைக்காமல் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். ஃபேர்ஃபீல்டில் உட்காரும் முன், எந்தப் பக்கம் போகப் போகிறோமோ அந்தப் பக்கம் பார்த்துக் கைத்தடியைத் தரையில் படுக்க வைத்துவிடுங்கள், எழும்போது அது வழி சொல்லும். இந்த யோசனை தம்பியுடையது.

டவ் க்ராக்கில் சுவரைத் தாண்டிக் கிழக்கே போய் அந்தக் கற்குவியலைத் தொட மறக்காதீர்கள்.